எட்டாவது தடுப்பு

செவ்வாய் இரவு ஏழரை.
கில்லிபெக்ஸ் துறைமுகத்தின் கானாங்கெளுத்தி வாடை
எங்களோடு அரங்கத்துக்குள்ளும் வந்துவிடும்.
தரையில் பேட்மின்டனுக்கு மஞ்சள் கோடு,
கூடைப்பந்துக்குச் சிவப்பு.
எங்கள் கோட்டை கிரான்யா
ஒட்டுநாடாவால் போட்டுக்கொள்கிறாள்,
போகும்போது உரித்து எடுத்துவிடுகிறாள்.
வாடகை ரசீதில் அப்படி ஒரு நிபந்தனை.

பகலில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
குரல் உயர்த்தாமலே
கடைசி இருக்கைவரை கேட்கப் பேசத் தெரியும்.
"முழங்கால் மடங்கட்டும், ப்ரோனா.
பின்னால் நாற்காலி இருப்பதாக நினை.
உட்காரப் போ. உட்காராதே."

மீன் ஆலையில் இருபத்தோரு வருடம்
ஒரே இடத்தில் நின்ற கால்கள் என்னுடையவை.
முதல் மாதம்
மாடிப்படி இறங்கக் கைப்பிடியைக் கெஞ்சினேன்.
நாலாம் மாதம் மருத்துவர்
ரத்த அழுத்தத்தை இரண்டு தரம் பார்த்தார்,
கருவிதான் பழுது என்று நினைத்து.

குத்திய கையோடு "மன்னிக்கணும்" என்பேன்.
முகமூடிக்குள்ளிருந்து,
ஒவ்வொரு குத்துக்கும்.
கிரான்யா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள்:
ஒரு மன்னிப்புக்கு இருபது சென்ட்.
கிறிஸ்துமஸுக்குள்
என் மன்னிப்புகளைக் கொட்டி எண்ணி
கிளப்புக்கு ஒரு புது வாள் வாங்கினோம்.

டைவாவும் நானும் ஆலையில் ஒரே வரிசை.
அவள் லிதுவேனிய மொழியில் தடுப்புகளை எண்ணுவாள்.
எனக்கு எட்டாவதுதான் வராது:
கை இருந்த இடத்திலேயே இருக்க
முனை மட்டும் தாழ்ந்து
கீழே வருவதை வெளிப்பக்கம் அனுப்பவேண்டும்.
என் கை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்,
வீட்டிலும் அப்படித்தான்.

எட்ட நில் என்பாள் கிரான்யா.
அதே மூச்சில், எட்டு என்பாள்.
விலகி நிற்பதற்கும் போய்த் தொடுவதற்கும் நடுவில்
மாறுவது ஓர் உயிர்.

போன வாரம் எனக்கு எதிரே ஃபின்டன்.
துறைமுக அதிகாரி.
மூன்று வருடம் முன்பு
எங்கள் படகில் ஏறி வலைக்கண்ணை அளந்து
அபராதம் எழுதியவன்.
அன்றிலிருந்து தேவாலயத்தில்
அவன் இறங்கும் படியில் நான் ஏறுவதில்லை.
வலைக்கண்ணை அளந்தவன் இப்போது
வலைக்கண் வழியாகவே என்னைப் பார்க்கிறான்.
நானும் அப்படித்தான்.

மூன்றுக்கு மூன்று.
ஒரு சத்தம், கொஞ்சம் கருகல் வாசம்,
விளக்குப் பெட்டி செத்துப்போயிற்று.
கிரான்யா அதைத் தட்டினாள், திட்டினாள், மூடிவைத்தாள்.
"இனிமேல் பட்டவர்தான் சொல்லவேண்டும்."

அரங்கமே அமைதியானது.
விளக்கைக் கேட்டுக்கொண்டிருந்த காதுகள்
சொந்த உடம்பைக் கேட்கத் தொடங்கின.

என் மணிக்கட்டில் பட்டது. சொன்னேன்.
அவன் தோளில் பட்டது. சொன்னான்.
நாலுக்கு நாலு.
அவன் தாழ்வாகப் பாய்ந்து வர
என் முனை, எப்படியோ, தானாகத் தாழ்ந்தது.
வெளியே போ என்று அவன் வாளை அனுப்பிவிட்டு
எங்கேயோ போய் இறங்கியது.
எனக்குத் தெரியவில்லை.
டைவாவுக்குத் தெரியவில்லை.
கிரான்யா தோளைக் குலுக்கினாள்.

ஃபின்டன் நின்றான்.
வெறுங்கையைத் தூக்கினான்.
"பட்டது. கால் கட்டைவிரல்."

எங்கள் வாளுக்கு
உச்சி முதல் கால்நகம் வரை எல்லாம் இலக்கு.

முகமூடியைக் கழற்றிக் கை கொடுக்கவேண்டும்.
வாள் பிடித்த கையில் உறை இருக்கும்,
கொடுப்பது மற்றக் கை.
அது ஈரமாக இருந்தது, என்னுடையதும்தான்.
அபராதம் அபராதம்தான்.
மானஸ் இன்னும் அவன் பெயரை வீட்டில் சொல்வதில்லை.
நான் போய் நடந்ததைச் சொன்னேன்.
"கட்டைவிரலா?" என்று மட்டும் கேட்டார்.

ஒட்டுநாடாவை உரித்து உருண்டையாக்கிக்கொண்டே
கிரான்யா கணக்குப் பார்த்தாள்:
பெட்டிக்கு ஃபியூஸ் வாங்கவேண்டும்.
டப்பாவைக் குலுக்கினாள்.
அதில் ஒரே ஒரு காசு புரண்டது.
"உன்னால்தான், ப்ரோனா.
ஈஸ்டரிலிருந்து நீ ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை."